லியோனார்ட் குடிக்கவில்லை

நோராவும் நானும் சாந்தோமில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் தமிழ், அவள் உயிரியல். பத்தாம் வகுப்புக்கு மரபியல் பாடம் எடுக்கும் நாளில் ஒரு டிபன் பாக்ஸ் நிறையப் பட்டாணியோடு வருவாள். உருண்டை தனி, சுருங்கியது தனி.

"மெண்டல் மொதல்ல ஒரு சாமியாரு. அப்புறம்தான் விஞ்ஞானி" என்று ஆரம்பிப்பாள். பங்குக் கோயிலை விட்டு விலகாத குடும்பத்தில் பிறந்தவள், அதில் ஒரு பெருமை. "மடத்துத் தோட்டத்துல பட்டாணி போட்டு இத்தனையும் கண்டுபுடிச்சாரு. அவரு உசுரோட இருந்தவரைக்கும் ஒருத்தரும் அத மதிக்கல."

பிறகு பலகையில் நாலு கட்டம் போடுவாள். ஓங்கு பண்பு என்றால் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒன்று வந்தாலே போதும், பிள்ளையிடம் வெளிப்பட்டுவிடும். அப்படி வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. "ஒரு புள்ளைக்கு வந்துட்டா அடுத்த புள்ளைக்கு வராதா டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள். "அப்படிக் கணக்கே கெடையாது. ஒவ்வொரு புள்ளைக்கும் புதுசா காசச் சுண்டறாரு கடவுள்" என்பாள்.

அவள் புருஷன் லியோனார்ட் ஒரு தனியார் கம்பெனியின் ஆள் ஏற்றும் பஸ்ஸை ஓட்டினார். அதிர்ந்து பேசாத மனிதர். அவருடைய அப்பா இளவயதிலேயே கடலில் மூழ்கி இறந்துபோனவர். முப்பத்தெட்டு வயதில் லியோனார்டின் கைகால்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. தோள் தானாகத் துள்ளும். நடை ஒரு பக்கம் இழுக்கும். பேச்சு குழறும். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ராயப்பேட்டையில் பஸ்ஸைக் கொண்டுபோய் நடுத்திட்டில் ஏற்றிவிட்டார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் குடித்துவிட்டு ஓட்டினார் என்று வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள்.

"நான் குடிக்கல நோரா. மாதா மேல சத்தியமா சொல்றேன், ஒரு சொட்டு தொடல."

"அப்போ இன்னா இது? கண்ணாடியில ஒங்களயே பாருங்க."

"தெர்லியே. இன்னா ஆவுதுன்னே எனக்குத் தெர்லியே."

வாயில் வாடை இல்லை. பாட்டில் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் தெருவே சொன்னதை நோரா நம்பினாள். குடிக்காத ஒருவன் எதற்கு அப்படித் தள்ளாட வேண்டும்? போதாக்குறைக்குக் கோபமும் சேர்ந்துகொண்டது. காரணமே இல்லாமல் கத்துவார், பிறகு மூலையில் உட்கார்ந்து அழுவார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் கை பட்டு, கொதிக்கும் ரசம் மகன் ஆஸ்வினின் தொடையில் கொட்டியது. பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நோரா, வாசலில் நின்றிருந்தவரை உள்ளே விடவில்லை.

"புள்ளைங்க இருக்கற வீட்டுல இனிமே நீங்க வேணாம். ஒங்க அக்கா வீட்டுக்குப் போங்க."

அவர் ஒரு பையோடு ராயப்பேட்டையில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்து, கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார். ஆடுகிற உடம்பைத் தூணோடு அழுத்திக்கொண்டு பிள்ளைகளைத் தேடுவார். சின்னவள் ஷெரில் திரும்பிப் பார்த்துக் கையசைப்பாள். ஆஸ்வின் பார்க்கமாட்டான். ஆறு வருஷம் இப்படியே போனது. கடைசிக் காலத்தில் அவரால் சோற்றை விழுங்க முடியவில்லை, எலும்பும் தோலுமாகிப் போனார். குடித்துக் குடித்துக் குடல் வெந்துவிட்டது என்றார்கள். பட்டினப்பாக்கம் பக்கத்துக் கல்லறையில் அடக்கம் செய்தபோது எல்லோரும் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். பதின்மூன்று வயது ஆஸ்வின் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவனைப் போல ஒழுக்கமான பையனை நான் பார்த்ததில்லை. மயிலாப்பூரில் ஒரு பேக்கரியில் கேக் அலங்காரம் செய்தான். அவன் கிரீமில் எழுதும் பெயர்கள் அச்சடித்த மாதிரி இருக்கும். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழங்களை ரம்மில் ஊறவைக்கும் வேலையை மட்டும் தொடமாட்டான், வேறு யாராவது செய்ய வேண்டும். கல்யாணப் பேச்சை எடுத்தால், "டாடி மாதிரி ஆயிட்டா இன்னா பண்றது மம்மி? வேணாம்" என்பான். நோரா அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவனுக்கு முப்பத்து நாலு வயது. ஒரு மத்தியானம் வேலையிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றான்.

"மம்மி, இன்னிக்கு மூணு கேக்கக் கெடுத்துட்டேன். கை நிக்கல. மொதலாளி என்ன ஓரமா கூப்ட்டு, குடிச்சிட்டு வந்தியாடான்னு கேட்டாரு."

சொல்லும்போதே அவன் தோள் துள்ளியது.

அந்தத் துள்ளல் நோராவுக்குத் தெரியும். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த நிமிஷமே எல்லாம் தெரிஞ்சிபோச்சி புஷ்பம்" என்றாள் என்னிடம். "டாக்டர் சொன்னதெல்லாம் அப்புறம்."

நரம்பு டாக்டர் சின்ன வயசுப் பெண். ஆஸ்வினை நடக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?" என்று கேட்டார். ஆஸ்வின் தரையைப் பார்த்தபடி, "எங்கப்பா குடிகாரரு" என்றான்.

இரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்லும் நாளில் நானும் கூடப் போயிருந்தேன். ஹன்டிங்டன் நோய் என்றார் டாக்டர். டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வரும், எல்லோருக்கும் உள்ளதுதான். சிலருக்கு மட்டும் அது அளவு மீறி நீண்டுவிடுகிறது. நடுவயது வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, மூளையைத் தின்னத் தொடங்குகிறது.

"பல ஊர்ல இவங்கள குடிகாரங்கன்னுதான் நெனச்சிருக்காங்க" என்றார். "வெனிசுலாவுல ஏரிக்கரையில ஒரு ஜனம், அவங்க குடும்பத்துல நெறைய பேருக்கு இந்த நோய். அவங்க குடுத்த இரத்தத்த வெச்சி பல நாட்டு விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா தேடினாங்க. மரபணு கெடச்சது தொண்ணூத்தி மூணுல."

"எந்த வருஷம்?" என்றாள் நோரா.

"தொண்ணூத்தி மூணு."

லியோனார்டின் பஸ் நடுத்திட்டில் ஏறிய வருஷம். நோரா என் கையைப் பிடித்தாள். டாக்டர் ஒரு தாளை இழுத்து, அது எப்படி வழிவழியாக வருகிறது என்று காட்டக் கட்டம் போட ஆரம்பித்தார்.

"போட வேணாம் டாக்டர்" என்றாள் நோரா. "நான் அத நடத்துறவ."

மருந்து உண்டா என்று நான்தான் கேட்டேன். ஆட்டத்தைக் குறைக்க உண்டு, நோயை நிறுத்த இன்னும் இல்லை என்றார்.

ஆஸ்வின் தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ டாடி குடிக்கலயா?" என்று மட்டும் கேட்டான். டாக்டர், "அவருக்கும் இதுதான் இருந்திருக்கணும்" என்றார். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு சின்னப் பையன் மாதிரி அழுதான்.

ஷெரில் அசோக் நகரில் இருக்கிறாள், அவளுக்கு ஒரு பெண் குழந்தை. சோதனை செய்யச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தவில்லை. தெரிந்தே ஆக வேண்டுமா என்று டாக்டரும் பலமுறை கேட்டார். பல மாதம் யோசித்து, கடைசியில் குழந்தைக்காக இரத்தம் கொடுத்தாள். அவளுக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தவள் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலிலேயே நின்றாள். "எனக்கு வரல ஆஸ்வின்" என்றாள், ஏதோ திருடிவிட்டவள் போல. ஆஸ்வின் எழுந்து வந்தான். அவளை அணைக்க நீட்டிய கைகள் எங்கெங்கோ போயின. அவள்தான் அவற்றைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"அப்பாடா, நம்ம குட்டியும் தப்பிச்சா" என்றான்.

நோரா கொல்லைப்பக்கம் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். "ஒருத்தனக் குடுத்து ஒருத்திய வாங்கினாப்ல இருக்கு புஷ்பம்" என்றாள். "அப்படிக் கணக்கு இல்லன்னு முப்பது வருஷம் கத்தினவ நான். ஆனா மனசு அப்படித்தான் சொல்லுது."

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளன்று லியோனார்டின் கல்லறையைக் கழுவி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஆஸ்வினால் முழங்காலில் நிற்க முடியவில்லை, உட்கார்ந்துகொண்டான். ஒரு கைப்பிடி மண் அள்ளிக் கல்லின் மேல் போட்டான். பாதி வெளியே சிந்தியது. "ஸாரி டாடி" என்றான். நோரா ஜெபம் சொல்ல வாயைத் திறந்தாள். "அவரு சத்தியம் பண்ணாரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது ஆஸ்வின் வேலைக்குப் போவதில்லை. சோற்றைக் குழைத்து, புரையேறாமல் வாய்வாயாக நோராதான் ஊட்டுகிறாள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தனக்கு முன்னால் அவன் போய்விட வேண்டுமென்று எந்தத் தாயாவது வேண்டுவாளா? நோரா வேண்டுகிறாள். ஷெரிலின் தலையில் அந்தப் பாரம் விழக்கூடாதாம்.

போன வாரம் நோரா, ஆஸ்வின், நான் மூன்று பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்ப ஒரு ஆட்டோவை நிறுத்தினோம். ஓட்டுநர் ஆஸ்வினை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஃபுல்லா ஏத்திக்கினு கீறாரும்மா. வண்டியில வாந்தி எடுத்துடுவாரு. வேற ஆட்டோ பாருங்க."

நான் சண்டைக்குக் கிளம்பினேன். நோரா என்னைத் தடுத்துவிட்டு, வகுப்பில் பேசுகிற நிதானத்தில் அவரிடம் சொன்னாள்: "இல்லப்பா. எம்புள்ள குடிக்கறவன் இல்ல. இது பொறவியிலயே வர்ற நோவு. இவங்க அப்பாவுக்கும் இதான் இருந்துச்சி. அவரு பேரு லியோனார்ட். அவரும் குடிக்கல."

ஓட்டுநருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் இறங்கி வந்து ஆஸ்வினின் அக்குளில் கை கொடுத்தார்.

"சரிம்மா. நீங்க அந்தப் பக்கம் புடிங்க, மெதுவா ஏத்திக்கலாம்."