அவள் தோற்க வேண்டிய ஆட்டங்கள்

என் மனைவிக்கு மருந்துபோலக் கொடுத்த விளையாட்டை நான் விளையாடினேன். நான்கு மாதம். ஒரு நாள்கூட விடாமல்… அவள் பெயரில்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? கைபேசி விளையாட்டுதானே, இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முகம் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு எப்போதுமே கிடையாது. எழுதும்போது உங்கள் முகம் தெரியவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறேன். வீடு தென்காசியில். மனைவி உலகம்மாள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறவள். எங்கள் தெருவில் அவள் வேகத்துக்கு ஆள் கிடையாது. போன வருடம் அவள் கட்டுகளில் எண்ணிக்கை தப்ப ஆரம்பித்தது. இருபத்தைந்து பீடி இருக்க வேண்டிய கட்டில் இருபது, அடுத்ததில் முப்பது… பிறகு ஒரு நாள், இலை வெட்டும் கத்தரிக்கோல் சோற்றுப் பானைக்குள் கிடந்தது. சோற்றோடு சேர்ந்து வெந்திருந்தது!

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் சுதா ஓடி வந்தாள். திருநெல்வேலியில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். மறதி நோயின் ஆரம்பம் என்றார். மாத்திரை எழுதினார். கூடவே மூளைக்குப் பயிற்சி தரும் விளையாட்டு ஒன்றைக் கைபேசியில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கவிழ்த்து வைத்த படங்களில் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் வாங்க வேண்டிய சாமான்களைப் பார்த்து மனதில் வைத்து, பிறகு வரிசையாகத் தொட வேண்டும். அப்படிச் சிலது.

"இது நோயைத் தீர்க்காது. காலுக்கு நடை எப்படியோ, அதுமாதிரி மூளைக்கு இது. ஆனா அவங்களேதான் விளையாடணும். தோத்தாலும் யாரும் உதவி பண்ணாதீங்க. எங்க தோக்கிறாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

யாரும் உதவி பண்ணாதீங்க என்னும்போது அவர் என்னைத்தான் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். நன்றாக நினைவிருக்கிறது… தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

முதல் வாரம் உலகம்மாள் விளையாடினாள். யானையைத் திறப்பாள், குடையைத் திறப்பாள், மறுபடி அதே யானையைத் திறப்பாள். கண் கலங்கிவிடும்.

"என்னால ஆவல. இதக் கொண்டு போங்க அங்கிட்டு. சின்னப்புள்ள மாதிரி என்னைய உக்கார வச்சிருக்கிய!"

அன்று அவள் பாதியில் விட்டதை நான் முடித்தேன். மணி ஒலித்தது. திரை முழுக்க நட்சத்திரம் கொட்டியது. அம்மா எடுக்கும் புள்ளிகள் சுதாவின் கைபேசியிலும் தெரியும். சாயங்காலம் அழைத்தாள்.

"யம்மா, கலக்கிட்ட போ! அஞ்சாவது படி தாண்டிட்டியே!"

உலகம்மாளின் முகம் மலர்ந்தது. அந்த முகத்துக்காகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை.

மீதிப் பாதியை எழுதக் கை கூசுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது! ஐம்பத்தாறு வயதுவரை யாரும் என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. அந்தக் கைபேசி தினமும் மணி அடித்துச் சொன்னது. மத்தியானம் சந்தையிலிருந்து வந்ததும், சாப்பிடும் முன்பே அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். உலகம்மாள் பக்கத்தில் பீடி இலையைத் தடவிக்கொண்டு சும்மா இருப்பாள். அவளுக்கு நீட்டவே இல்லை நான்.

அந்த விளையாட்டுக்குப் பலன் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். இருக்கிறது, எனக்குத் தெரிந்தவரை இருக்கிறது! எந்த மூட்டை எந்த விவசாயி கொண்டு வந்தது என்று சீட்டைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தேன். கடை முதலாளி அண்ணாச்சி எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ஏலே, மண்டைக்குள்ள கம்ப்யூட்டர் வச்சிருக்கியால? இத்தன வருசமா எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூச்சத்தோடு சிரித்தேன். அந்தப் பலன் போய்ச் சேர வேண்டிய மண்டை எது, போய்ச் சேர்ந்த மண்டை எது… அன்று அது உறைக்கவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. ஒரு நாள் சுதா பாராட்டியபோது உலகம்மாள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"நான் எப்பங்க விளையாண்டேன்?"

"மத்தியானம் விளையாண்டியே உலகு. மறந்துட்டியா?"

ஆமாம். அப்படித்தான் சொன்னேன். மறதியை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தவளிடம், அவளுக்கு நன்றாக இருந்த ஒரு நினைவையும் பொய்யென்று சொன்னேன்! அவள் சற்று நேரம் யோசித்தாள். பிறகு, "விளையாண்டிருப்பேன்" என்றாள். ஒரு தடவை அல்ல… பல தடவை இப்படி நடந்தது.

புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. "அம்மா நல்லாத்தான் இருக்கா. டாக்டர்ட்ட அடுத்த மாசம் போவோம்ப்பா" என்றாள் சுதா. சரிம்மா என்றேன். அடுத்த மாதமும் சரிம்மா என்றேன்.

சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலம் போக வேண்டும் என்று உலகம்மாளே கேட்டாள். கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். மெயினருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தனி. மாற்றுச் சேலை வைத்த பச்சைப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவளோடு போனவர்கள் தலை துவட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுத்துப் போனவர்களும் வந்துவிட்டார்கள். அவளைக் காணோம். வருகிற பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்… வாய் வரவில்லை எனக்கு! கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசில் ஊதினார்.

"பெரியவரே, பொம்பளைய பக்கம் என்ன பார்வ? அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க!"

வெட்கத்தில் தள்ளிப் போய் நின்றேன். மனைவியைக் காணோம் என்றுகூடச் சொல்லவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள். நனைந்த சேலையோடு, உதடு நடுங்க, ஒவ்வொரு ஆண் முகமாகப் பார்த்துக்கொண்டு. என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு இங்கனதான் நின்னாவ. பாத்தியளா?"

அருவி அவ்வளவு சத்தமாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் குரல் மட்டும்தான்.

"பச்சைப் பை வச்சிருப்பாவ. ரொம்பக் கூச்சப்படுவாவ, யார்ட்டயும் கேக்க மாட்டாவ. என்னயத் தேடிட்டு நிப்பாவ, பாவம்."

பச்சைப் பை என் கையில் இருந்தது!

பேருந்து தென்காசியை நெருங்கும்போது என் தோளில் சாய்ந்து, "எங்க போயிருந்திய?" என்று கேட்டாள்.

அருவியில் நடந்ததைப் போனில் சொன்னதும், மறுநாளே சுதா வந்துவிட்டாள். அதே மருத்துவர். சுதா கைபேசியை நீட்டினாள். "நாலு மாசமா ஏறிக்கிட்டே இருக்கு டாக்டர். திடீர்னு எப்படி இப்படி ஆச்சு?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். "திடீர்னுதான் ஆச்சுன்னா வேற ஏதாவது இருக்கான்னு பாக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஐயா, இத அவங்களேதான விளையாண்டாங்க?"

கதவைத் திறந்து வைத்ததுபோல அந்தக் கேள்வி நின்றது. சுதா என்னையே பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும்…

"ஆமா சார்" என்றேன்.

அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். தலையை ஸ்கேன் எடுக்க அந்தக் குழாய்க்குள் தள்ளும்போது, "என்னங்க… என்னங்க…" என்று கத்தினாள். இல்லாத ஒன்றைத் தேடினார்கள். அங்கே கிடைக்காது என்று எனக்கு மட்டும் தெரியும். வராண்டாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழைய நோய்தான், வேகமாக முற்றியிருக்கிறது என்று முடிவாயிற்று. நான்கு மாதம் அவள் விளையாடியிருந்தால் நின்றிருக்குமா? தெரியாது. அவள் தோற்றுக்கொண்டிருந்தது மருத்துவருக்கு முன்பே தெரிந்திருக்கும். அது மட்டும் நிச்சயம். அவள் தோல்விகளை நான் எடுத்துக்கொண்டேன்.

நேற்று மத்தியானம், அந்த முதல் வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கைபேசியை அவள் கையில் வைத்தேன். ஆடட்டும், தோற்கட்டும், சுதாவுக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று துணிந்துதான் வைத்தேன்.

யானையைத் திறந்தாள். குடையைத் திறந்தாள். மறுபடி யானை. பிறகு என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே ஆடுங்க. எப்பவும் நீங்கதான ஆடுவிய, எம் பேருல."

தெரிந்திருக்கிறது! மறந்துட்டியா என்று நான் கேட்ட ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் முகத்தையே மறந்தவள் இதை மறக்கவில்லை…

"ஆடுங்க. புள்ள போன் போடுவா" என்றாள்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். எல்லா ஜோடிகளும் சரியாக வந்தன. மணி ஒலித்தது.