பெரியப்பா படிவாசலை அடைத்த நாள்

அந்தச் சித்திரைக் காலையில் பெரியப்பா போட்ட சட்டையைக் கழற்றி வேறு சட்டை போட்டார், அதையும் கழற்றினார். எல்லாமே வியர்வையில் நனைந்தன. மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி எங்கள் பண்ணைவீட்டுக்குப் படகில் வந்துகொண்டிருந்தார்கள். கப்பல் பயணிகளுக்கு ஊர் சுற்றிக்காட்டும் ஏஜென்ட் அனுப்பிய முதல் விருந்தாளிகள். அவர்களுக்குப் பிடித்தால் ஏஜென்ட் தொடர்ந்து ஆள் அனுப்புவார், வீடு எங்களுடையதாகவே இருக்கும். பிடிக்காவிட்டால், என் அப்பா சொன்னபடி விற்றுவிடுவது என்று பெரியப்பாவும் அவரும் பேசி முடித்திருந்தார்கள்.

நான் எர்ணாகுளத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் பேசப் பெரியப்பா என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். வீட்டின் சரித்திரத்தைத் கடகடவென்று ஒப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்: பாலக்காட்டிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா, உப்பங்கழிக் காயலோரச் சதுப்பில் வரப்பு உயர்த்தி, நெல்லுக்குக் காவலாகக் கட்டிய வீடு, மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் பொக்காளி நெல், அறுப்பு முடிந்தால் அதே வயலில் காயல்நீரை விட்டு இறால். சித்திரைப் பிறப்பான விஷுவோடு இறால் பருவம் முடியும். மறுநாள், வயலில் மிஞ்சிய இறாலும் மீனும் ஊருக்கு. வயலுக்கு இருக்கும் ஒரே வழியான எங்கள் முற்றம் வழியே யாரும் போய் இறங்கி, சேற்றைக் கலக்கிப் பிடித்துக்கொள்ளலாம். ஏஜென்ட் சொன்ன இங்கிலீஷ் தேதிக்குத் தலையாட்டிய பெரியப்பா, அது விஷுவுக்கு மறுநாள்தான் என்று பார்க்கவில்லை.

கூடைகளோடு கூட்டம் வரப்பில் தெரிந்ததும் பெரியப்பா ஓடிப்போய், வரப்பிலிருந்து முற்றத்துக்கு ஏறும் படிவாசலை அடைத்துத் தாழிட்டார்.

"கதவு இறுகிப்போச்சா முதலாளி? தள்ளித் தரட்டா?" என்றாள், எங்கள் வயலில் நாற்று நடும் சேச்சி. வெளியே சிரிப்பு.

"உள்ளே வெள்ளைக்காரச் சாயிப்புக்கு இலை போட்டுச் சோறு விளம்பணும்டி. நம்ம சேறு பட்டா வெளுப்பு போயிடுமே!" என்றாள் இன்னொருத்தி.

"ஒரு மணிக்கூர் பொறுங்கோ. அவங்க உண்டுட்டுப் போகட்டும்" என்றார் பெரியப்பா உள்ளிருந்து.

"நாங்க பொறுப்போம். வெள்ளம் பொறுக்குமோ? கடல் ஏத்தம் வந்தா வயல் நிறைஞ்சிரும், அப்புறம் எங்கே பிடிக்க?" என்றாள் சேச்சி.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "மோளே, ஒரு வழி சொல்லேன்." எதற்கும் யோசனை வைத்திருக்கும் நான் அன்று விருந்தாளிகளை வரவேற்க ஓடினேன். வீட்டின் மறுபக்கத் துறையில் படகு வந்துவிட்டது.

வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்தது; கரிமீன் வறுவல், காற்று, என் பேச்சு. எனக்குத்தான் காது வாசலிலேயே இருந்தது. முதலில் சிரிப்பு நின்றது. பிறகு பேச்சும் நின்றது. பெரியப்பா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு பரிமாற, குழம்பு இலைக்கு வெளியே வழிந்தது. படகு திரும்பியதும் ஓடித் தாழை நீக்கினார். வரப்பில் ஒருவரும் இல்லை. வயலில் நீர் நிறைந்து தளும்பியது.

வீடு பிழைத்தது. இப்போது சீசனில் அறைகள் காலியாக இருப்பதே இல்லை. ஆனால் விஷு நெருங்கும்போதெல்லாம் பெரியப்பா காலண்டரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். மறுநாளுக்கு விருந்தாளிகள் வேண்டாம் என்று ஏஜென்டிடம் முன்கூட்டியே சொல்லி, அன்று விடியும்போதே கதவை அகலத் திறந்து, பெரிய பாத்திரத்தில் சாயா போடச் சொல்கிறார். யாரும் வராமல் சாயா ஆறிப்போகிறது. போன வருடம் அந்தச் சேச்சி வரப்பில் போனாள். இவர் வாசலுக்கு வெளியே இறங்கிப்போய், "ஏறி வாயேன், கதவு திறந்துதானே கிடக்கு" என்றார்.

அவள் நடையை நிறுத்தவில்லை. "அது விருந்துக்காரங்க வீடாச்சே முதலாளி. நாங்க ஊர்க்காரங்க."