டேலியாவுக்கு வந்த ஐஸ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் பேராக்கில், லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் துரை பங்களாவின் பூச்செடிகள் என் பொறுப்பில் இருந்தன. அதற்கு முன் மூன்று வருடம் பால்மரம் சீவியவன் நான். இருட்டோடு எழுந்து, கொசுக்கடியோடு கங்காணியின் வசவையும் வாங்கிய பிழைப்பு. பங்களாவுக்கு வந்த பிறகு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. லயத்து வரிசை வீட்டு ஆட்களோடு பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டேன்.

தலைக்கனத்துக்குக் காரணம் டேலியா. துரைசாணி சீமையிலிருந்து கப்பலில் கிழங்கு வரவழைத்தாள். பார்க்கச் சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும். பாத்தியை மேடாக்கி, கம்பு நட்டுக் கட்டி, பக்க மொட்டுகளைக் கிள்ளியெறிந்து, ஒரு தண்டுக்கு ஒரே பூ என்று விட்டேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பாகப் பூத்தது. ஈப்போ டவுனிலிருந்து வெள்ளைக்காரர்கள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளை பெற்றவன்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டான்.

பூத்து ஓய்ந்ததும் துரைசாணிக்கு ஒரு யோசனை வந்தது. அவள் ஊரில் குளிர்காலத்தில் டேலியாக் கிழங்கு தூங்குமாம். தூங்கி எழுந்தால்தான் மறுபடி நன்றாகப் பூக்குமாம். பேராக் வெயிலில் அது எங்கே தூங்கும்? அதனால் குளிரை ஈப்போவிலிருந்து வரவழைத்தாள். மரத்தூளில் பொதிந்து சாக்கில் வரும் ஐஸ் கட்டிகளை உடைத்து, தினமும் மத்தியானம் பாத்தியில் பரப்பி, மேலே லாலான் புல்லைப் போட்டு மூடுவது என் வேலை. அது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குப் படவேயில்லை. என் கிழங்கைத் தூங்கவைக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஐஸ் வரத் தொடங்கிய வாரம் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெண் பங்களா வேலி வரைக்கும் ஓடிவந்தாள்.

"அண்ணே, அக்காவுக்கு உடம்பு நெருப்பா கொதிக்குது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸரு தலையில ஐசு வைக்கச் சொல்றாரு. ஒரு துண்டு குடுங்கண்ணே, ஓடிப் போயி வச்சிர்றேன்."

என் இரண்டு கையிலும் ஐஸ் இருந்தது. விரல்கள் மரத்துப்போயிருந்தன.

"இது பூவுக்கு வந்தது. ஈரத்துணி போடு, போ," என்றேன்.

"ஒரு துண்டுதான்லா, அண்ணே."

"போன்னு சொல்றேன்ல!"

அவள் போனாள். நான் மிச்சத்தையும் பரப்பிப் புல்லால் மூடினேன். துரைசாணி வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயம் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். ஒரு துண்டு குறைந்தாலும் என் பூ சிறுத்துவிடும் என்று நினைத்தேன், அதுதான் உண்மை.

மறுநாள் விடியலில் பிள்ளை பிறந்தது. ஆண். அழவே இல்லை. புதைத்துவிட்டு வந்து, மத்தியானம் ஐஸ் பரப்பினேன்.

ஒரு மாதம் கழித்துப் பாத்தியைத் தோண்டினால் கிழங்கு அத்தனையும் கூழாகி நாறியது. என் வேலை போயிற்று என்று நடுங்கினேன். துரைசாணி மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த கப்பலில் வேறு வரும் என்றாள். பிள்ளை செத்த சேதி பிறகுதான் அவள் காதுக்கு எட்டியது. "ஏன் கேக்கல? ஒரு வாளி குடுப்பேனே," என்றாள் தன் அரைகுறைத் தமிழில். நல்லவள்தான். அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது எனக்கு. அறைய வேண்டியது யாரை என்றும் தெரிந்துதான் இருந்தது.

மனைவி பிழைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். அடுத்த வருடம் ஒருநாள் இரண்டு பேரும் ஈப்போவுக்கு நடந்து போனோம். ஒரு கடையில் அவளுக்கு ஐஸ் போட்ட சர்பத் வாங்கிக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். கடை வாசலில் ஒரு பூத்தொட்டி இருந்தது. எழுந்து போய் கிளாஸில் இருந்தது முழுவதையும் செடியின் அடியில் ஊற்றினாள்.

"இது பூவுக்கு வந்தது," என்று சொல்லி, காலிக் கிளாஸை என் முன்னால் வைத்தாள்.

தோட்டத்திலிருந்து அத்தனை தூரமும் வெயிலில் நடந்து வந்தவள். தாகத்தில் அவள் உதடு வெடித்திருந்தது.