ஏலக்காய் ஸ்டோருக்குப் போன லேப்டாப்

என் லேப்டாப்பைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அதைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. தூக்கிப் பார்க்கத்தான் கேட்பார்கள். கேரளத்து இடுக்கி மலையில், சாந்தன்பாறையில் எங்கள் எஸ்டேட் வீடுகளின் வரிசையில் இருக்கிற எல்லாப் பெண்களும் ஒரு முறையாவது அதைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு விரலால் தூக்கிவிட்டு, "என்னா டீச்சர், இம்புட்டுத்தேனா? உள்ள எதாச்சும் வச்சிருக்கானா, இல்ல வெறும் மூடியத்தேன் குடுத்து அனுப்பிட்டானா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னவோ நானே உள்ளே உட்கார்ந்து சாமான்களைக் குறைத்ததுபோல, "எல்லாம் இருக்குக்கா, சுருக்கி வச்சிருக்காக" என்றேன்.

அதை நான் வாங்கியது அழகுக்காக இல்லை. திங்கட்கிழமைகளை ஒழித்துக்கட்டுவதற்காக.

நான் தேனியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். என் வீட்டுக்காரர் இங்கே எஸ்டேட் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் பொறுப்பில் இருக்கிறார். பறித்து வந்த பச்சைக் காயைச் சூடு காட்டி, நிறம் போகாமல் காயவைத்து எடுக்கிற வேலை. கல்யாணமாகி ஆறு வருடமாக, திங்கள் விடிகாலையில் நான் ஜீப் பிடித்துப் பூப்பாறை போய், அங்கிருந்து பஸ்ஸில் மலையிறங்கி, ஐந்து நாள் ஹாஸ்டலில் இருந்துவிட்டு வெள்ளி சாயங்காலம் ஏறி வருவேன். அவர் ஒரு தடவை தேனியில் வந்து இருந்து பார்த்தார். பத்தே நாளில் வெயில் அவரைப் புளி மாதிரி கரைத்துவிட்டது. அதற்குமேல், தேனியில் அவருக்கு யார் ஏலக்காய் ஸ்டோர் வைத்துக் காத்திருக்கிறார்கள்?

அப்போதுதான் வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு பள்ளியின் விளம்பரம் கண்ணில் பட்டது. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், தேர்வானால் வீட்டிலிருந்தே வேலை. 'வீட்டிலிருந்தே' என்ற அந்த ஒரு சொல்லை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வேலை கிடைக்கும்வரை மலை ஏறி இறங்கத் தூக்கிச் சுமக்க வேண்டுமே என்று, கடையில் இருந்ததிலேயே மெல்லியதாகப் பார்த்து வாங்கினேன்.

வாங்கிய பிறகு நான் படுத்திய பாட்டை என் வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். நான் இயல்பிலேயே சத்தம் போடுகிற ஆள். லேப்டாப் வந்ததும் அதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. மேசைக்கு ஒரு கை தூரத்துக்குள் டீ வரக் கூடாது. கையைத் துடைக்காமல் தொடக் கூடாது. திரையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. மூடும்போது பொத்தான்களின்மேல் ஒரு பேனா மூடி கிடந்தாலும் திரை போயிற்று என்று கடைக்காரர் பயமுறுத்தி அனுப்பியிருந்தார். அதனால் மூடுவதற்கு முன் குனிந்து ஒரு பார்வை, நிமிர்ந்து ஒரு பார்வை. என் வீட்டுக்காரர் என்னைவிட மோசம். அந்த மேசையைக் கடக்கும்போது அவர் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு போவார்.

எல்லாவற்றுக்கும் காவல் போட்ட நான் ஆடி மாதத்தை மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் ஆடியில் மழை வெளியே மட்டும் பெய்வதில்லை. மூடுபனி ஜன்னல் வழியாகச் சொந்தக்காரர்போல உள்ளே வந்து உட்காரும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், துவைத்த துணி நாலு நாளானாலும் சில்லென்றே இருக்கும், கல்யாணப் பட்டுப்புடவையில் பூசணம் பூக்கும். அந்த வாரம் மழைக்குப் பயந்து லேப்டாப்பைத் தேனிக்குக் கொண்டு போகாமல், துண்டில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்து, மேலே ஒரு கம்பளியும் போட்டுத்தான் வைத்திருந்தேன். பச்சைக் குழந்தைக்குக்கூட அவ்வளவு செய்ய மாட்டார்கள்.

மாதிரி வகுப்பு ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். தயாராவதற்காக வியாழக்கிழமையே லீவு போட்டு வந்துவிட்டேன். வெள்ளி காலையில் டின்னைத் திறந்து எடுத்தால், திரைக்குள் ஓரமாகப் புகைபோல ஒரு படலம். 'அ' தட்டினால் நாலு 'அ' விழுந்தது. 'ம' விழவே இல்லை. 'அம்மா' என்று அடிக்க முடியாத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தமிழ் டீச்சர் வேலைக்கு எப்படிப் போவது? மேசையில் தலையை வைத்து அழுதேன்.

வீட்டுக்காரர் ஸ்டோருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து, புறங்கையால் லேப்டாப்பின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "ஈரங் கோத்துருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார். ஏதோ டாக்டர் நாடி பிடித்த மாதிரி. எனக்கு எரிச்சலாக வந்தது. "ஆமா, அது எனக்குத் தெரியாதாக்கும்" என்று கத்திவிட்டு, பூப்பாறையில் லேப்டாப் பழுது பார்க்கிற கடைக்காரரைக் கேட்டு வரலாம் என்று புறப்பட்டேன். போன் போட்டால் அவர் எடுக்கவில்லை. கொட்டுகிற மழையில் லேப்டாப்பைத் தூக்கிப் போகப் பயந்து அதை மேசையிலேயே விட்டுப் போனேன்.

கடைக்காரர், "கொண்டு வாங்க டீச்சரே, நோக்காம், பாத்துரலாம்" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். அதை எடுத்துக்கொண்டு வர, போன ஜீப்பிலேயே திரும்பினேன். வீட்டில் மேசை காலியாக இருந்தது. துண்டு இல்லை, லேப்டாப்பும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "அண்ணந்தேன் ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போனாரு, குடைக்குள்ள வச்சு" என்றார்.

ஓடினேன். ஸ்டோரில் அன்றைக்கு ஒரு சுற்றுக் காய் இறக்கி முடித்திருந்தார்கள். அடுப்பை நிறுத்தி, உலர்த்தும் அறை ஆறிக்கொண்டிருந்தது. ஆறுகிற அந்த இளஞ்சூட்டில், ஏலக்காய் பரப்பும் கம்பிவலைத் தட்டின்மேல், என் லேப்டாப் கூடாரம்போலக் கவிழ்ந்து நின்றது. அதற்கு முன்னால் முக்காலி போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். காய் தரம் பிரிக்கிற பெண்கள் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வா வா. பக்குவமா வச்சிருக்கேன். கை பொறுக்குற சூடுதேன், அதுக்கு மேல ஏத்தல" என்றார். எழுந்து, லேப்டாப்பை மூடி, இரண்டு கையாலும் எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். ஏலக்காய் காய்ந்துவிட்டதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் சத்தம் வராது. காய்ந்திருந்தால் உள்ளே விதை கலகலக்கும்.

லேப்டாப் கலகலத்தது.

"கேட்டியா? காஞ்சிருச்சு!" என்றார். நாலு பெண்களும் கை தட்டினார்கள்.

"ஐயோ, அதுக்குள்ள சத்தம் வரக் கூடாதுங்க!" என்று நான் போட்ட கூப்பாட்டில் கைதட்டல் பாதியில் நின்றது. அதன்பிறகு நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். ஆறு வருடத்துத் திங்கட்கிழமைகள் எல்லாவற்றையும் அந்த மனிதர் தலையில் கொட்டினேன். அவர் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் மெதுவாக, "எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் இது ஒண்ணுதேன்" என்றார். நான் கை நீட்டி லேப்டாப்பை வாங்கிக்கொண்டேன்.

திறந்து பார்த்தோம். திரை துடைத்துவிட்ட கண்ணாடிபோல இருந்தது. 'அம்மா' ஒழுங்காக விழுந்தது. ஆனால் உள்ளே மின்விசிறி ஓட ஆரம்பித்ததும் மிளகாய் அரைக்கிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். அணைத்துவிட்டு, ரெயின்கோட்டில் சுற்றி, இரண்டு பேரும் ஜீப்பில் பூப்பாறைக்குப் போனோம். வளைவுக்கு வளைவு அவர் அதை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டார். அது குலுங்கவில்லை, பாவம், அவர்தான் குலுங்கினார்.

கடைக்காரர் அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினார். முதலில் வந்தது வாசனை. பாயசம் இறக்கிய வீட்டு வாசனை. அவர் மூக்கைச் சுருக்கி, விளக்கைக் கிட்டே இழுத்து, சின்ன இடுக்கியால் விசிறிக்குள்ளிருந்து ஒன்று, இரண்டு, மூன்று கறுப்பு விதைகளை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். வெடித்த காய்களிலிருந்து தட்டில் உதிர்ந்து கிடந்தவை, காற்றுப் போகும் இடுக்கு வழியாக ஏறியிருந்தன.

"டீச்சரே, இதெந்தா? லேப்டாப்பில் ஏலக்காய் போட்டது ஆரு?" என்று கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு விதையை எடுத்து வாயில் போட்டு மென்று, "எட்டு மில்லிக் காயி. நல்ல சரக்கு" என்று, காயின் பருமனைக்கூடக் கணக்காகச் சொன்னார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மறுபடி பூட்டியபோது விசிறி சத்தமே இல்லாமல் ஓடியது.

சனிக்கிழமை காலை பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மழை பிடித்தது. எங்கள் கூரை தகரம். ஜன்னலோரம் போனை வைத்து இணைப்புக் கொடுத்து, திரையில் மூன்று பிள்ளைகளும் தேர்வு செய்கிற அம்மாளும் தெரிந்த நேரத்தில், மேலே ஆயிரம் பேர் தட்டு அடிப்பதுபோல இரைச்சல். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "வணக்கம்" என்றேன். அந்த அம்மாள் காதில் கைவைத்துத் தலையாட்டினார். போச்சு என்று நினைத்தேன். தேனி ஹாஸ்டலின் இரும்புக் கட்டில் கண் முன்னால் வந்து நின்றது.

அப்போது தலைக்கு மேலே இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்பட்டது. என் குரல் எனக்குக் கேட்டது. வகுப்பைத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளில் சின்னவள், "டீச்சர், அங்கே மழையா? காட்டுங்க" என்றாள். பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆனால் என் கையில் இருந்தது ஒரு கையால் தூக்குகிற லேப்டாப். தூக்கிக்கொண்டு எழுந்து, ஜன்னலையும் வாசலையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். இது சாரல், இது மூடுபனி, அது ஏலச்செடி, அதோ ஓடை. பிள்ளைகள் ஒவ்வொன்றையும் கூடவே சொன்னார்கள். 'மூடுபனி' என்பதை மூன்று தேசத்துக் குரலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வாசல் தாழ்வாரத்திலிருந்து லேப்டாப்பைக் கூரைப் பக்கம் திருப்பினேன். ஏணியில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, ஸ்டோரிலிருந்து கொண்டு வந்த சாக்குகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தகரத்தில் விரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாமா ஏன் மழையில் நிற்கிறார்?" என்று பையன் கேட்டான்.

"உங்களுக்கு என் குரல் கேட்க வேண்டும் என்றுதான்" என்றேன். அவருக்குத் திரையில் யார் இருக்கிறார்கள் என்பதுகூடச் சரியாகத் தெரியவில்லை. சாக்கைப் பிடித்த கையாலேயே எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். தேர்வு செய்கிற அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வேலை கிடைத்ததாக அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. தேனிப் பள்ளியில் சொல்லி, மாதம் முடியும்வரை பாடம் நடத்திக் கொடுத்து, ஹாஸ்டல் அறையைக் காலி செய்து வந்து சேர்ந்தேன். பெட்டி இறக்க அவர் ஜீப் கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எப்போதும் வருகிற நாள்தானே, அதனால் இரண்டு பேருக்குமே ஒன்றும் உறைக்கவில்லை.

திங்கள் காலையில் உறைத்தது. விடிந்து வெகு நேரமாகியும் நான் வீட்டிலேயே இருந்தேன். அவர் ஸ்டோருக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, குடையும் கையுமாக வாசலில் நின்றார். கிளம்பவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஆறு வருடமாக, திங்கட்கிழமைகளில் இந்த வாசலில் நின்று விடைபெறுகிறவள் நான்.

"அப்ப... போய்ட்டு வாரேன்" என்றார், புது மாப்பிள்ளைபோல.

"மத்தியானம் சாப்பிட வந்துருங்க" என்றேன்.