காலி சீட்டில் லண்டன்

விமானக் கம்பெனியில் வேலை பார்ப்பவன் எந்நேரமும் பறந்துகொண்டிருப்பான் என்று ஊர் நினைக்கிறது. நிஜத்தில் அவன் பறப்பவர்களை ஏற்றிவிட்டு, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பவன். திருச்சி விமான நிலையத்தில் அந்த உத்தியோகத்தை ஐம்பதுகளில் தொடங்கி வெகுகாலம் பார்த்தேன். ரயில்வே, பாங்கு, தபாலாபீஸ் என்று ஏதாவது ஒரு கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, நாள் முழுக்க "இல்லைங்க" சொல்லிப் பிழைக்கும் அன்பர்களே, நான் பட்டதும் நீங்கள் படுவதும் ஒன்றுதான். ஆகவே உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எடை மேடை

அப்போது கொழும்புக்குப் போனது சின்ன டகோட்டா விமானம். பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். மூட்டை வைக்கும் அதே தராசில் ஆளை நிறுத்தி, முள் காட்டுவதை நான் உரக்கச் சொல்ல, பக்கத்து மேஜைக்காரர் எழுதிக்கொள்வார். பெரிய பெரிய வியாபாரிகள்கூட அதன்மேல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்தார். கொழும்பில் மகளுக்குப் பிரசவம். மாப்பிள்ளையே நேரில் வந்து அழைத்துப் போகிறார். பெட்டி, படுக்கை, லேகிய டப்பா எல்லாம் ஏறி இறங்கின. மாமி மட்டும் ஏறவில்லை. விதி இது, விலக்கு கிடையாது என்று பணிவாக எடுத்துச் சொன்னேன். ரங்கநாதரை வேண்டிக்கொண்டு ஒரு காலை மேடையில் வைத்தவர், என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்: "ஏறிக்கறேன். ஆனா நம்பரை வாய்விட்டுச் சொல்லப்படாது; பின்னாடி மாப்பிள்ளை நின்னுண்டிருக்கார்."

உட்காருங்க, பார்ப்போம்

விமானம் நிரம்பிய நாளில் டிக்கெட் கேட்டு வருகிறவர்களுக்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு: "உட்காருங்க, பார்ப்போம்." பதிவு செய்த யாராவது வராமல் போனால் அந்த இடத்தைக் கொடுப்போம். இல்லாவிட்டால் இல்லை.

துறையூர்ப் பக்கம், பச்சைமலை அடிவாரத்திலிருந்து ஒரு விவசாயி அப்படி வந்தார். கொழும்பில் கடை வைத்திருந்த தம்பி ஆஸ்பத்திரியில் கிடப்பதாகத் தந்தி. காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன, இடம்தான் இல்லை. வழக்கமான பதிலைச் சொன்னேன். துண்டை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். பதிவு செய்தவர்கள் ஒருவர் விடாமல் வந்து சேர்ந்தார்கள், விமானம் கிளம்பியது, நான் மறுநாள் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன்.

எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சத்தம் கேட்டிருக்குமே என்று நினைத்திருப்பேன். போனது கொழும்பு விமானமா, மதராஸ் விமானமா என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? மத்தியானத்துக்கு மேல் அவரே எழுந்து வந்து கேட்டார். சொன்னேன். கோபப்படவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா தனுஷ்கோடி ரயிலையாவது பிடிச்சுக் கப்பல்ல போயிருப்பேன் தம்பி. இப்ப அதுவும் போயிருக்கும்."

ஓசி டிக்கெட்

பத்து வருஷம் குப்பை கொட்டியவர்களுக்குக் கம்பெனி ஒரு சலுகை வைத்திருந்தது. எங்கள் விமானமோ, எங்களோடு ஒப்பந்தம் உள்ள விமானமோ எங்கே போனாலும் ஒருமுறை இலவசமாகப் போய் வரலாம். கூட வேலை பார்த்தவர்கள் கொழும்பு போய்த் தேங்காயெண்ணெய் சோப்பு வாங்கி வந்தார்கள். நான் லண்டன் என்று எழுதிக் கொடுத்தேன். பத்து வருஷமாக மற்றவர்கள் பெட்டியில் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு வேறு ஊர் தோன்றவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த டிக்கெட்டுக்குக் காலி சீட் இருந்தால்தான் இடம். காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக நாம் ஏற வேண்டும். போகும்போது கிடைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். வரும்போது கிடைக்காவிட்டால் லண்டனில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஊர் விலைவாசிக்கு, சர்க்கார் கொண்டுபோக விட்ட பணம் நான்கு நாளைக்கு வந்தால் அதிகம். மணப்பாறைக்காரியான என் மனைவி ஒரு டின் நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். சாப்பாட்டுக்கு அப்படி வழி பிறந்தது; வேலை போகாமலிருக்க அவ்வளவு சுலபமாக வழி செய்ய முடியவில்லை. லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மானேஜர் சொன்னார்: "போயிட்டு வாங்க. திங்கட்கிழமை காலையில உங்க நாற்காலியில நீங்க இல்லேன்னா, அடுத்த திங்கட்கிழமை வேற ஆள் இருப்பார்."

வரிசை

லண்டனைப் பற்றி என்ன சொல்ல? அப்படியே சொக்கிப்போனேன். பஸ்ஸுக்குக் கொடுக்க மனம் வராமல் முக்கால்வாசி நடந்தேன். நடந்ததால் நிறையப் பார்த்தேன். ஆற்றுக்கு மேலே திறந்து மூடும் பாலம், ஊர் நடுவே வயல் அளவுக்குப் புல்தரை, அதில் யாரும் விரட்டாமல் படுத்துக் கிடக்கும் ஜனங்கள். மியூசியத்தில் சல்லிக்காசு கேட்கவில்லை. யார், எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. ஒருநாள் முழுக்க உள்ளேயே இருந்துவிட்டேன். வழி கேட்டால் போலீஸ்காரர் தெருமுனை வரை கூடவே வருகிறார். எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

கால் வலித்த ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றேன். வரிசையில் நான்தான் முதல். பஸ் வந்ததும், தொழில் பழக்கத்தில், மற்றவர்கள் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றேன். எனக்குப் பின்னால் இருந்தவர் அசையவில்லை. நான் முதல் ஆள். என்னை முந்துவது அவருக்கு முடியாத காரியம். நான் கையை நீட்டி உபசரித்தேன், அவர் தொப்பியைத் தொட்டு என்னை உபசரித்தார். அவருக்குப் பின்னால் பதினைந்து பேர் மழைத் தூறலில் பொறுமையாக நின்றார்கள். இங்கே ஓசி டிக்கெட் இல்லை, நானும் காசு கொடுத்து ஏறுகிறவன்தான் என்பது உறைக்கவில்லை. கண்டக்டர் கீழே இறங்கி வந்து, மரியாதை குறையாமல் சொன்னார்: "ஐயா, நீங்கள் ஏறினால் லண்டன் வீட்டுக்குப் போகும்."

முறுக்கு

தங்கியிருந்தது ஒரு வீட்டின் மாடி அறை. காலையில் ரொட்டியும் டீயும் வாடகையில் சேர்த்தி. மற்ற வேளைக்கு மணப்பாறை. கணப்பு எரிய வேண்டுமானால் ஒரு பெட்டியில் காசு போட வேண்டும். போட்ட காசு தீர்ந்ததும் அது அணைந்துவிடும். ஆகவே நான் போர்வைக்குள் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு முறுக்கு நல்ல பதம். சத்தம் எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

மூன்றாம் நாள் காலை வீட்டுக்கார அம்மாள் ரொட்டியோடு வந்து, ராத்திரி என்ன சத்தம் என்று சங்கடப்பட்டுக்கொண்டே விசாரித்தார். நான் டின்னைத் திறந்து ஒன்று கொடுத்தேன். ஜாக்கிரதையாகக் கடித்தார், கண்களை மூடிக்கொண்டார், இன்னொன்று எடுத்துக்கொண்டார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: "அடுத்த அறைக்காரர், குளிர் தாங்காமல் நீங்கள் கட்டிலை உடைத்து எரிக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார்."

கவுண்ட்டரின் அந்தப் பக்கம்

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்குப் போனேன். நிரம்பி வழிந்தது. சனிக்கிழமை விமானத்தை விட்டால் திங்கட்கிழமை திருச்சியில் இருக்க முடியாது. என் பிழைப்பே அந்த ஒரு காலி சீட்டில் இருந்தது. கவுண்ட்டரில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். டிக்கெட்டைப் பார்த்ததும் நானும் விமானக் கம்பெனி ஆள்தான் என்று புரிந்துகொண்டார். "உட்காருங்க, பார்ப்போம்" என்பதை இங்கிலீஷில் சொன்னார். நான் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆனால் அந்த அம்மாள் எழுந்து வந்தார். கவுண்ட்டர் கதவைத் திறந்துகொண்டு, குதிகால் செருப்பு டக்டக்கென்று சப்திக்க, அரைமணிக்கு ஒருமுறை என் நாற்காலிவரை வந்து நிலவரம் சொன்னார். இன்னும் நான்கு பேர் வர வேண்டும். இன்னும் இரண்டு பேர். கடைசியில் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். சனிக்கிழமையும் அப்படியே. என் திங்கட்கிழமை போயிற்று. ஆனால் அந்த நிமிஷத்தில் என் திருச்சி நாற்காலியைவிட அந்தத் துறையூர்க்காரரின் துண்டுதான் கண்முன் நின்றது. வெட்கமாக இருந்தது. அவர் தம்பியைப் பார்த்தாரா, தம்பி பிழைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மாளோ கையில் ஒரு சீட்டில் நேரம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்: "இன்று இடமில்லை. அடுத்தது நாளை பதினொரு மணிக்கு. ஊருக்குள் போகும் பஸ் பத்து நிமிஷத்தில் கிளம்புகிறது, இங்கே உட்கார்ந்து ஒரு பகலை வீணாக்காதீர்கள்."

மானேஜர்

ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைத்தது. கைக்காசு தீர்ந்திருந்தது, கூடுதலாகத் தங்கிய இரண்டு நாளுக்கு வாடகை வேண்டாம், முறுக்கு டின்னை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்று வீட்டுக்கார அம்மாள் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் திருச்சி ஆபீஸில் நுழைந்தேன். நாற்காலி காலியாக இருந்தது. மானேஜர் மேஜையில் டெலிபிரிண்டரில் வந்த மூன்று காகிதத் துண்டுகள் வரிசையாக இருந்தன. அந்த அம்மாள் கம்பெனியின் டெலிபிரிண்டரில் தினமும் தகவல் அனுப்பியிருக்கிறார்: உங்கள் ஊழியர் இங்கே இருக்கிறார், இடமில்லை, தவறு அவருடையதல்ல; கடைசியில், இன்று ஏறிவிட்டார். அனுப்பச் சொல்லி நான் கேட்கவேயில்லை. மானேஜர் துண்டுகளை என் பக்கம் தள்ளினார். "நீங்க எதுத்தாப்புல உட்கார்ந்திருந்தப்பகூட உங்களைப் பத்தி எனக்கு இவ்வளவு விவரம் தெரிஞ்சதில்லைங்க."

எழுந்து போனது

அடுத்த வாரமே ஒரு கொழும்பு விமானம் நிரம்பியது. மணப்பாறை மாட்டு வியாபாரி ஒருவர் பெஞ்சில் காத்திருந்தார். நான் கவுண்ட்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே போனேன், மூன்று தடவை. முதல் தடவை பக்கத்து மேஜைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார். மூன்றாம் தடவை, இன்றைக்கு இடமில்லை, தனுஷ்கோடி வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஜங்ஷனுக்கு இப்போதே பஸ் இருக்கிறது என்று சொல்லி, நேரம் எழுதிய சீட்டையும் கொடுத்தேன். அவர் சீட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இல்லேன்னு சொல்றதுக்கா இவ்வளவு தூரம் எழுந்திரிச்சு வந்தீங்க? அங்கேருந்தே கையை ஆட்டியிருக்கலாமே."

லண்டனில் என்ன பார்த்தாய் என்று கேட்கிறவர்களிடம் பாலத்தையும் மியூசியத்தையும் சொல்லி வைக்கிறேன். அத்தனை தூரம் ஓசியில் பறந்து போய் ஒரு கவுண்ட்டரைத்தான் அதிக நேரம் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்காரும் நம் இனத்தார் தவிர வேறு யார் நம்புவார்கள்?