மங்கை மச்சாள் ஏன் தலையை அசைத்தாள்

அன்று இறங்குதுறையில் நின்றவர்கள்: என் தம்பி நடேசன், அவன் மனைவி மங்கையற்கரசி, கனடாவிலிருந்து வந்திருந்த அவர்கள் மகன் ரமணன், மருமகள் சுபா, கரம்பொன் பூமணி அக்கா, படகோட்டி அந்தோனி. நயினாதீவு அம்மனிடம் போக நின்றவர்கள். முழங்கால் ஏலாமல் நான் புளியங்கூடலில் வீட்டோடு இருந்தேன். பின்னேரம் பூமணி அக்கா தொலைபேசியில் கத்தினார்: "எடியே, மங்கை செத்துப் போட்டாளடி! படகுக்கும் கல்லுக்கும் இடையிலை நசிஞ்சு போட்டாள்!"

மங்கையை அறிந்தவர்களுக்கு அவள் தலையாட்டம் தெரியும். ஒரு படி இறங்குவதென்றாலும் தலையை இடமும் வலமும் அசைத்துவிட்டுத்தான் காலை வைப்பாள். "கோழி மாமி" என்று பிள்ளைகள் கத்துவார்கள். "கோழிக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையடா" என்று சிரிப்பாள்.

இருபத்துமூன்று வயதில் அவளுக்கு இடக்கண் போனது. கட்டு அவிழ்த்த மாதத்தில் கொதிதேநீரைக் கோப்பைக்கு வெளியே என் தொடையில் ஊற்றினாள். பூசணிக்காய் வெட்டப்போய் இரண்டு விரலை எலும்பு தெரிய வெட்டினாள். கிணற்றுப்படியில் விழுந்து முன்பல் இரண்டு உடைந்தது. பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒருநாள் என்னை வேலியடியில் நிறுத்தி, என் ஒரு கண்ணைப் பொத்தினாள்.

"ஒரு கண்ணுக்கு உலகம் சுவரிலை ஒட்டின படம், மச்சாள். இப்ப தலையை அசைச்சுப் பாருங்கோ. கிட்ட நிக்கிற வேலிக் கதியால் ஓடும், தூரத்துப் பனை நிக்கும். அந்த ஓட்டத்திலைதான் நான் தூரம் அளக்கிறனான்."

அசைத்தேன். அவள் சொன்னபடிதான் இருந்தது. உச்சி வெயிலில் மட்டும் அவள் வெளியே வரமாட்டாள். "நிழல் விழாட்டி எனக்குப் பள்ளமும் மேடும் ஒண்டுதான்" என்பாள்.

விறகு பொறுக்கும்போது பனங்கருக்கு குத்தியது என்றுதான் ஊர் இன்றுவரை நம்புகிறது. டொக்டரிடம் அந்தப் பொய்யைச் சொன்னவள் நான். நடந்தது இது. கேட்காமல் தாய்வீட்டுக்குப் போய்வந்தாள் என்று நடேசன் அவளைத் தலைமயிரில் பிடித்து முற்றத்துக்கு இழுத்து, பச்சைப் பனைமட்டையால் விளாசினான். மூன்றாவது அடியில் மட்டையின் வாள்பல் கண்ணைக் கிழித்தது. தடுத்த எனக்கும் விழுந்தது. என் முழங்கை இன்னும் நிமிராது. விரலிடுக்கால் இரத்தம் ஒழுக ஒழுக அவள் சொன்னாள்: "சத்தம் போடாதேங்கோ மச்சாள், பிள்ளை முழிச்சிடும்." ஏணைத் தொட்டிலில் கிடந்த பிள்ளை ரமணன்.

அந்த ரமணன்தான் இறங்குதுறையில் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நின்றான். வெளிக்கிடப் பிந்திவிட்டது, உச்சி வெயில். மங்கை விளிம்பில் நின்று தலையை அசைத்தாள்.

"அம்மா, தலையை ஆட்டாதேங்கோ. சனம் பாத்துச் சிரிக்குது."

"பொறு தம்பி, அம்மா ஆறுதலா, மெல்லப் பாத்து வரட்டும்" என்றான் அந்தோனி.

படகுக்குள் ஏறியிருந்த நடேசன் சத்தம் போட்டான்: "கெதியா வாடி, குருடி!"

மகன் சொன்னதற்காக மங்கை தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு காலை வைத்தாள். கால் படகுக்கு ஒரு சாண் முன்னாலேயே இறங்கியது; இடைவெளிக்குள் விழுந்தாள். விலகிய படகை அலை திருப்பி அடித்தது. அவள் மார்பு உடைந்த சத்தம் தனக்குக் கேட்டதாகப் பூமணி அக்கா சொல்கிறார்.

எட்டாம் நாள் ரமணன் என் காலடியில் கிடந்து அழுதான். "நான்தான் சாகடிச்சுப்போட்டன் மாமி. அம்மா ஏன் ஆட்டுறவ எண்டு ஒருநாளும் கேக்கேல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். எழும்பிப் போய்த் தகப்பனின் கழுத்தைப் பிடித்தான். நாலுபேர் சேர்ந்து இழுத்துப் பிரித்தார்கள். நடேசன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்: "பெண்சாதிக்கு அடிக்காதவன் ஆரடா இந்த ஊரிலை?"

அன்றைக்கே ரமணன் என்னிடம் சொன்னான்: "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்திலை அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும் மாமி. ஒரு எழுத்தும் மாத்தமாட்டன்." அதனால்தான் இதை நீங்கள் வாசிக்கிறீர்கள்.

கண் போன அன்று இரத்தம் நிற்க அவள் முகத்தில் அமத்திய துவாயை நான் தோய்க்கவில்லை. கறுத்து, மட்டையாகக் காய்ந்து என் அலுமாரியில் இருக்கிறது. அவளுடையதாக என்னிடம் இருப்பது அதுதான். ரமணன் அறியாமல் சொன்னான். அவனோடு எனக்குக் கோபம் இல்லை. பொய் சொன்ன என்னை மங்கை ஒருநாளும் ஒரு சொல் கேட்டதில்லை. இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "அன்புக் கணவர்" என்று ஒரு பெயர் அச்சடித்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவன்தான். கட்டையில் போகும்வரை மன்னிக்கமாட்டேன், நடேசனை.