ஒருத்தருக்கும் தெரியாமல் கேட்ட சுகம்

போன ஆடி மாசம் என் இடது கால் பெருவிரலில் புண் வந்தது. சர்க்கரை வியாதி உள்ள கால். வலி தெரியவில்லை. வாடை மட்டும் வந்தது.

வீட்டுக்காரர் இறந்து இருபது வருஷம். பிள்ளை இல்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலை. யார் கையையும் எதிர்பார்க்காதவள் என்று ஊரில் எனக்குப் பேர். அந்தப் பேர் போய்விடக் கூடாது என்று, "ஆண்டவரே, ஒருத்தருக்கும் தெரியாம சுகமாக்கும்" என்று தினமும் முழங்காலில் நின்றேன். ஒரு மாசம் ஆச்சு. புண் பெரிசானதுதான் மிச்சம். காலை எடுத்துவிட்டால் எங்கே போய்க் கிடப்பேன் என்று அழுதேன்.

கம்பெனிக்குள் செருப்புப் போடக் கூடாது. அதனால் துணி சுற்றிக்கொண்டு, பித்தவெடிப்பு என்று சொல்லிவந்தேன். ஒரு வியாழக்கிழமை, வேலைக்குப் போகிற வேனில், கூட வேலை பார்க்கிற மாரியம்மா அந்தத் துணியில் ஈ மொய்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"பெரியம்மா, வெடிப்புக்கா இம்புட்டு ஈ? காலைக் காட்டுங்க."

"சும்மா இரு தாயி. நான் பாத்துக்கிடுவேன்."

"நீங்க பாத்த லட்சணம்தான் வேன் பூரா நாறுதே!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானமே போச்சு. மாரியம்மா கீழே உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள். அதுக்குப் பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை. டிரைவர் வேனைச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். தீபாவளி சீசன் நேரம். அத்தனை பேருக்கும் வேலை பிந்தியது. யாரும் முணுமுணுக்கவில்லை.

விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. ஸ்தோத்திரம்!

சுகமாக்கும் என்றதை ஆண்டவர் கேட்டார். ஒருத்தருக்கும் தெரியாம என்றதைத்தான் கேட்கவில்லை.

பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வேன் பெண்களும் சபைப் பெண்களும் முறை வைத்து வந்தார்கள். கஞ்சி கொடுத்தார்கள், தலை சீவிவிட்டார்கள். மாரியம்மா தன் சாமிக்கு நேர்ந்துகொண்டாள். என் தலைமாட்டில் இருந்த வேதாகமத்தைத் தொட்டு, "நீங்களும் கொஞ்சம் பாத்துக்கோங்க சாமி" என்றாள்.

பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்: "ஏம்மா, உங்களுக்கு எத்தனை பொம்பளப் பிள்ளைக? நாளுக்கு ஒருத்தி வாராளே!"

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "பதினேழு" என்றேன்.

இப்போது நன்றாக நடக்கிறேன். சபையில் எழுந்து பேசக் கூச்சம், அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். சகோதரிகளே, உங்களிடமும் மறைத்துவைத்த புண் இருக்கும். முழங்காலில் நின்று ஆண்டவரிடம் சொல்லுங்கள். எழுந்ததும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.